வீடு காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல எவ்வளவு பிடிச்சாங்க? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

கணபதி_குடித்தனம்:
கோயமுத்தூர் கணபதியில 4 வருசம் இருந்தோம்ங்க, வாடகை 12,000, அட்வான்ஸ் 70,000. காலி பண்ற அன்னிக்கு சாமானெல்லாம் டெம்போல ஏத்தியாச்சு, பாப்பா முன்னாடி சீட்ல உக்காந்துட்டா. ஓனரம்மா சாவிய வாங்கிட்டு உள்ள ஒரு சுத்து வந்தாங்க, கையில ஒரு பென்சில். செவுத்துல ஆணி ஓட்டை ஒவ்வொண்ணையும் சுத்தி வட்டம் போட்டுட்டே வந்தாங்க. காலண்டர் ஆணி, மாமனார் போட்டோ மாட்டுன ஆணி, எல்லாம் சேத்து 11. பெயிண்டுக்கு 18,000, கிளீனிங்குக்கு 2,000 போக மீதிய அங்கயே போன்ல அனுப்பி விட்டாங்க. டெம்போக்காரர் ஹாரன் அடிச்சுட்டே இருந்தாரு, நான் ஒரு வார்த்தை பேசல. அதுதான் இன்னும் மனசுல அறுக்குது. அப்புறமேட்டுதான் தெரியுது, 2017 வாடகை சட்டத்துல எந்த ரிப்பேர் யாரோடதுன்னு பட்டியலே இருக்குது, வெள்ளை அடிக்கறது, கதவு ஜன்னல் பெயிண்ட் எல்லாம் ஓனர் பொறுப்பு, நாம சேதம் பண்ணியிருந்தாத்தான் நம்ம தலையில. 4 வருசத்துல செவுரு மங்கறது நான் பண்ணுன சேதமா?

பனியன்_ஷிப்ட்:
உங்களுக்கு 50,000 ஆச்சும் வந்துச்சுங்க்கா. திருப்பூர்ல லைன் வீடு நமக்கு, 8 குடித்தனம், அக்ரிமென்ட்டுன்னு ஒரு துண்டுக் காயிதம் கூட கிடையாது. கரண்ட் யூனிட்டுக்கு 10 ரூவா வாங்குவாங்க, கவர்மென்ட் குடுக்கற 100 யூனிட் ஃப்ரீ நம்ம கண்ணுல படறதே இல்ல. வாடகைய திடீர்னு 1,000 ஏத்துனாங்க, ஆர்டர் இல்லாத நேரம், ரெண்டு மாசம் டைம் குடுங்கன்னு கேட்டேன். அடுத்த நாள் காலைல பாத்தா மோட்டார் ரூமுக்கு புதுப் பூட்டு. எங்க ஊட்டுல 7 மாசம் முழுகாம இருந்தாங்க, 5 மணிக்கு எந்திரிச்சு பக்கத்து வளவுல கொடம் வெச்சு தண்ணி கேட்டு நின்னாங்க. 3 நாள். நான்காவது நாள் காலி பண்ணிட்டோம்.

கோபி_வீட்டுக்காரர்:
தண்ணிய நிறுத்துனது தப்புங்க, ஓனரா இருந்தே சொல்றேன். வாடகை பாக்கியே இருந்தாலும் தண்ணி, கரண்ட்ட கட் பண்ணக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்குது, ரென்ட் அத்தாரிட்டிகிட்ட, அதான் வாடகைத் தகராறு பாக்கற அரசு அதிகாரிகிட்ட, மனு குடுத்தா உடனே திருப்பிக் குடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம்.

ஆனா ஆணி அடிச்ச அம்மிணிக்கு ஒண்ணு சொல்லோணும். எனக்கு 5 மாச வாடகை பாக்கி வெச்சுட்டு ஒருத்தர் ராத்திரியோட ராத்திரியா போனாரு, கரண்ட் பில்லும் நான்தான் கட்டுனேன். அதனால ஓனர் எல்லாம் கெட்டவங்கன்னு பேசாதீங்க. இனி வீடு பாக்கறவங்க இதக் கேட்டுக்கங்க: 11 மாசம்னு எழுதுனா பதிவு வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க, அது ஒரு வருசத்துக்கு மேல போற லீஸ சார்பதிவாளர்கிட்ட பதியோணும்கற பழைய விதிய வெச்சு சொல்றது. அம்மிணி சொன்ன அந்த 2017 சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து நடப்புல இருக்குது, இதுல எத்தன மாசமா இருந்தாலும் எழுத்துல போட்டு ரென்ட் அத்தாரிட்டிகிட்ட பதியோணும், பதிஞ்சா ஒரு நம்பர் குடுப்பாங்க. அட்வான்ஸ் 3 மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாதுதான், ஆனா வேற மாதிரி ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா அது செல்லும், இத யாரும் சொல்றதில்ல. காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள பாக்கி சாக்கிய கழிச்சுட்டு மீதிய குடுத்தாகோணும். குடி போற அன்னிக்கே செவுரு, குழாய், சுவிட்சு எல்லாத்தையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்ல அனுப்பிருங்க. வாஷரு, சுவிட்சு, சாக்கெட்டு இதெல்லாம் குடியிருக்கறவங்கதான் மாத்தோணும், அதுக்கும் ஓனருக்கு போன் போடாதீங்க.

ஈரோடு_போக்கியம்:
கையெழுத்து போட்டா செல்லும்னு சொல்றீங்களே, போடாட்டி யாருங்க வீடு குடுக்கறாங்க? 10 மாச அட்வான்ஸ் கேக்கறாங்க, பேரம் பேசுனா அடுத்த ஆளு வந்துருவான்கறாங்க. ஒத்துக்கறதுன்னா அதுவா?

எங்களோடது போக்கியம், மாச வாடகைக்குப் பதிலா மொத்தமா 5 லட்சம் குடுத்து இருந்தோம். மூணாவது வருசம், மத்தியானம் நானும் அவரும் வேலைக்குப் போயிட்டோம், அம்மா மட்டும் ஊட்டுல. ரெண்டு பேரு வந்து கதவுல ஒரு காயிதம் ஒட்டியிருக்காங்க. அம்மா ஏதோ கவர்மென்ட் கணக்கெடுப்புன்னு நெனச்சு, வெயில்ல வந்திருக்காங்களேன்னு ஆளுக்கொரு டம்ளர் மோர் குடுத்திருக்குது. சாயந்தரம் வந்து படிச்சா பேங்க் நோட்டீசு, ஓனர் கடன் கட்டலயாம், வீட்ட பேங்க் எடுத்துக்குதாம். வில்லங்கம், அதான் சொத்து மேல கடன், அடமானம் இருக்குதான்னு காட்டற சான்று, போட்டுப் பாத்தா நாங்க பணம் குடுக்கறதுக்கு 2 வருசம் முன்னாடியே பத்திரம் பேங்க்ல அடமானம். ஒரு வில்லங்கத்தப் போட்டுப் பாக்காம 5 லட்சத்த குடுத்திருக்கோம், எங்க போக்கியத்த பதியவும் இல்ல. பாதிதான் இதுவரைக்கும் வந்திருக்குது. அம்மா இன்னிக்கும் யாரு கதவு தட்டுனாலும் எனக்கு போன் பண்ணிட்டுத்தான் தொறக்குது.

கணபதி_குடித்தனம்:
கோபி அண்ணா, அக்ரிமென்ட்ட இப்பத்தான் தேடி எடுத்தேன், 20 ரூவா பத்திரத்துல எழுதுனது. பெயிண்ட் பத்தி ஒரு வரி கூட இல்ல. பதியல. இத வெச்சு மனு குடுக்க முடியுமாங்க?