திகதி போடும் ஒரு வரிக்கு ஒரு பக்கேஜா?

நெல்லுமூட்டை (அக்கரைப்பற்று)
இங்கே ஓர் அரிசி ஆலைக்கு நான் எழுதிய பில் மென்பொருளில் நானாகப் போட்டது 31 பக்கேஜ் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்). அவை கூட்டி வந்தவை 800ஐத் தாண்டும். பயன்படாத பக்கேஜைக் காட்டும் டெப்செக்கை ஓட்டினேன், 9 சும்மா கிடக்கிறது என்றது. பில்லில் திகதி போடும் ஒரே வரிக்காக மொமென்ட் என்ற திகதிப் பக்கேஜ் உட்கார்ந்திருக்கிறது. பெரும்போக நெல் வருவதற்குள் எல்லாவற்றையும் வெட்டப்போகிறேன். சரிதானே?

வாவிக்கரை (கல்லடி)
ஓடுகிற வண்டியை ஏன் தம்பி கழற்றுகிறீர்கள்? எந்தப் பக்கேஜின் எந்தப் பதிப்பு என்று பூட்டிவைக்கும் லொக் ஃபைல் இருக்கிறது. பக்கேஜ்களை இறக்கித் தரும் என்பிஎம்மில் சிஐ கட்டளை போட்டால் நேற்றைய அதே பதிப்புத்தான் இன்றும் வரும். திகதிக் கணக்கைக் கையால் எழுதி பெப்ரவரி 29இல் மாட்டுப்படவா?

நெல்லுமூட்டை
எழுதவே தேவையில்லை அண்ணன். இன்டில் டேட்டைம்ஃபார்மட் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. புது வேலைக்கு மொமென்ட் வேண்டாம் என்று அதன் குழுவே 2020இல் சொல்லிவிட்டது. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற குட்டிப் பக்கேஜை எழுதியவர் அதை என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டதும், பலர் பாவிக்கும் பேபல் கருவி வரைக்கும் உடைந்ததே, வெறும் 11 வரி!

வாவிக்கரை
எல்லாரும் லெஃப்ட்பேட்டைத்தான் இழுப்பார்கள். அதோடு என்பிஎம் விதியை மாற்றிவிட்டது, இப்போது நினைத்தபடி எடுக்க முடியாது.

உப்புக்காத்து (சாய்ந்தமருது)
லொக் ஃபைல் பாதுகாப்பு ஓட்டையையும் சேர்த்துத்தான் பூட்டும். 2021 டிசம்பரில், ஜாவாவில் நிகழ்வுப் பதிவு எழுதும் லொக்4ஜே பக்கேஜில் அப்படி ஓர் ஓட்டை வெளிவந்தபோது, அது தங்களிடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. வேறொரு பக்கேஜின் வயிற்றுக்குள் கிடந்தது.
ஆனால் தம்பி, டெப்செக்கை அப்படியே நம்பாதீர்கள். அது சும்மா கிடக்கிறது என்றதை நம்பி, கன்ஃபிக் (அமைப்புக்) கோப்பில் பெயர் மட்டும் எழுதியிருந்த ப்ளகினை ஒருமுறை அழித்துவிட்டு இரவு 11 மணிக்கு பில்ட் ஓடாமல் முழித்தேன். என்பிஎம் எக்ஸ்பிளெய்ன் போட்டால் எதை எது கூட்டி வந்தது என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

வாவிக்கரை
உப்புக்காத்து காக்கா, லொக்4ஜேக்கு மருந்து புதுப்பிப்பதுதானே, வெட்டுவதா? நிகழ்வுப் பதிவு எழுதும் வேலையை இவரே வீட்டில் எழுதினால் அதன் ஓட்டையை யார் வந்து சொல்வார்?

உப்புக்காத்து
புதுப்பிக்கத்தான் வேண்டும். எண்ணூறையும் எந்தக் காலத்தில் புதுப்பித்து முடிப்பது?

நெல்லுமூட்டை
கடவுச்சொல்லை மறைத்து வைக்கும் ஹாஷ், பிடிஎஃப் இரண்டையும் தொட மாட்டேன், அது எனக்குத் தெரியாத வேலை. ஆனால் அவணக் (நெல் அளவைக்) கணக்கைக் கிலோவாக்க எனக்கு ஒரு பக்கேஜும் கிடைக்கவில்லை. நானே எழுதினேன், மூன்று போகமாக ஆலைக்காரர் ஒரு பிழை சொல்லவில்லை.

வாவிக்கரை
சரி, வெட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கொமிட் (மாற்றப் பதிவு). அறுவடை முடியட்டும், அதற்கு முன்னர் வேண்டாம்.

நெல்லுமூட்டை
மொமென்ட் இன்றிரவே போகிறது அண்ணன். மற்றவை பங்குனியில்.