ஓடும்போதே பைக்கில் தீ: ஷார்ட் சர்க்யூட்டா, பெட்ரோல் கசிவா? உதவி தேவை

தாராபுரத்துக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். இன்று காலை தாராபுரத்தில் இருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கு, சித்தப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும் வழியில் வண்டி தீப்பிடித்துவிட்டது. 2016 மாடல் 125 சிசி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

மெயின் ரோட்டில் போகும்போது ஒன்றுமே தெரியவில்லை. ஒரு ஊருக்குள் வேகத்தடைக்காக மெதுவாக்கியதும் இடது முழங்காலுக்குக் கீழே சுரீரென்று சுட்டது, அதே நேரத்தில் சித்தப்பா "டேய் புகையுதுடா, நிறுத்துடா" என்று கத்தினார். குனிந்து பார்த்தால் டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மஞ்சளாக எரிகிறது. சாவியை ஆஃப் செய்து சைடு ஸ்டாண்ட் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடிவிட்டோம். சாவியை ஆஃப் செய்தும் தீ நிற்கவில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார், வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை இன்னும் சிலர் அள்ளி வீசினார்கள். அடங்கியதும் துணியைச் சுற்றிக்கொண்டு, டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பை (திருகு குழாயை) மூடினேன்.

இடது பேனல் உருகி இன்ஜின் மேல் வழிந்து நிற்கிறது, கார்புரேட்டர் பாதி இல்லை, வயரிங் கருகிவிட்டது, சீட்டின் முன்பக்கம் எரிந்துவிட்டது. டேங்க் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது.

போன வாரம்தான் சர்வீஸ் விட்டேன்: வாட்டர் வாஷ், ஆயில், கார்புரேட்டர் கிளீனிங். அப்புறம் காலையில் வண்டி எடுக்கும்போதெல்லாம் லேசாகப் பெட்ரோல் வாடை. போனில் கேட்டதற்கு "கழற்றி மாட்டினால் ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார் மெக்கானிக். இப்போது அவரே வந்து பார்த்துவிட்டு, ஷார்ட் சர்க்யூட், முன் ஓனர் மாட்டிய ஃபாக் லைட்தான் காரணம் என்று சாதிக்கிறார். காரணம் என்னவாக இருக்கும்? இன்சூரன்ஸ் கிடைக்குமா? சித்தப்பாவுக்குக் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலம் கொப்பளித்திருக்கிறது, பேஸ்ட் தடவியிருக்கிறோம்.

நைட் டியூட்டி நர்ஸ்:
வண்டியை அப்புறம் பார்க்கலாம், முதலில் சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் தீக்காயத்தில் படக்கூடாது. பட்டவுடனே செய்ய வேண்டியது குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஓடவிடுவதுதான், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. கொப்புளத்தை உடைக்காதீர்கள், காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டவும் வேண்டாம், அங்கே அவர்களே எடுப்பார்கள். டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) தேவையா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். சுகர் இருக்கிறதா அவருக்கு? இருந்தால் இன்று இரவே போங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

சும்மா படிப்பவன்:
ஃபாக் லைட்தான் ப்ரோ. பேட்டரியில் இருந்து நேராக வயர் இழுத்து, ரிலே (பெரிய கரண்ட்டைத் தாங்கும் தனி ஸ்விட்ச்) இல்லை, ஃபியூஸ் இல்லை, இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். ஹேண்டிலைத் திருப்பத் திருப்பக் கழுத்துப் பக்கம் வயர் உரசி உள்ளே கம்பி வெளியே வந்துவிடும். மெயின் ஃபியூஸ் போயிருக்கிறதா பாருங்கள். போகவில்லை என்றால் ஷார்ட் இல்லை, அவ்வளவுதான்.

கரூர் மெக்கானிக்:
அவ்வளவுதான் இல்லை தம்பி. ஃபியூஸுக்குப் பிறகு வரும் வயரில் ஷார்ட் ஆனால்தான் அந்த ஃபியூஸ் போகும். பேட்டரியில் இருந்து ஸ்டார்ட்டர் ரிலே வழியாக மோட்டாருக்குப் போகும் தடித்த வயருக்கு ஃபியூஸே கிடையாது. நீ சொல்கிற மாதிரி பேட்டரியில் நேராகக் கொடுத்த ஃபாக் லைட் வயரும் மெயின் ஃபியூஸுக்கு வெளியேதான் இருக்கும். அதனால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தாராபுரத்துத் தம்பிக்கு: கார்புரேட்டர் உருகியிருப்பதால் தீ அங்கேதான் ஆரம்பித்தது என்றும் சொல்லிவிட முடியாது. அது துத்தநாகக் கலவையாக இருந்தால் 400 டிகிரி வாக்கிலேயே வழிந்துவிடும், தீ எங்கே பிடித்தாலும் முதலில் போவது அதுதான். தாமிர வயரைப் பார். தாமிரம் உருக 1,085 டிகிரி வேண்டும். வெளியே இருந்து வந்த தீயில் ரப்பர் எரிந்து கம்பி கறுத்து நிற்கும், பெரும்பாலும் இழை இழையாகவே இருக்கும். ஷார்ட் ஆன இடத்தில் மட்டும் நுனியில் கடுகு மாதிரி உருண்டையாக, பளபளவென்று ஒரு மணி இருக்கும். டார்ச் அடித்து ஃபாக் லைட் வயரை நுனியில் இருந்து பேட்டரி வரை தடவிப் பார். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், பெட்ரோல் தீ பிடித்து இன்சுலேஷன் போன பிறகும் ஷார்ட் ஆகும், அதனால் மணி இருந்தால் மட்டும் குற்றம் நிரூபணம் ஆகிவிடாது. எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

எனக்கு உன் கதையில் இடிப்பது பெட்ரோல் வாடை. கழற்றி மாட்டிய அன்றைக்கு வாடை இருக்கலாம், கையில் சிந்தியது இன்ஜின் சூட்டில் ஆவியாகிவிடும். ஒரு வாரம் இருந்தால் எங்கேயோ சொட்டுகிறது என்று அர்த்தம். டேப்பில் இருந்து கார்புரேட்டருக்கு வரும் ஹோஸுக்கு இரண்டு முனையிலும் கம்பிக் கிளிப் உண்டு. ஹோஸ் எரிந்திருக்கும், கிளிப் எஃகு, எரியாது. டேப் பக்கத்தில் ஒன்று, கார்புரேட்டர் பக்கத்தில் ஒன்று, இரண்டும் இருக்கிறதா பார். கீழே சாம்பலிலும் தேடு. கார்புரேட்டரில் பெட்ரோல் மிஞ்சினால் வெளியே வழியும் ஓவர்ஃப்ளோ ட்யூப்பையும் பார்க்கச் சொல்லியிருப்பேன், ஆனால் அது எரிந்து போயிருக்கும்.

தாராபுரத்துக்காரன்:
நன்றி அண்ணே. நர்ஸ் அக்காவுக்கும் நன்றி, சித்தப்பாவுக்குக் கட்டுப் போட்டாகிவிட்டது, சுகர் இல்லை. ஒரு சந்தேகம்: ஓடும்போது பிடிக்காமல் மெதுவாக்கியதும் ஏன் பிடித்தது? சாவியை எடுத்தும் ஏன் நிற்கவில்லை?

கரூர் மெக்கானிக்:
வேகமாகப் போகும்போது காற்று ஆவியை அடித்துக்கொண்டு போய்விடும். மெதுவாக்கினால் அங்கேயே தேங்கும். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4-இல் இருந்து 7.6 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பற்றும், குறைந்தாலும் பற்றாது, அதிகமானாலும் பற்றாது. வேகத்தடையில் உனக்கு அந்தக் கணக்கு சரியாக அமைந்துவிட்டது. இன்ஜினில் இருந்து சைலன்சருக்குப் போகும் சூடான பெண்ட் பைப்பில் சொட்டினால் உடனே பற்றிவிடும் என்று நினைக்கிறார்கள், பல நேரம் சுர்ரென்று ஆவியாகிப் போய்விடும். லூசான ஸ்பார்க் பிளக் கேப், வெடித்த பிளக் வயர், இதில் இருந்து பாயும் பொறிதான் நான் அதிகம் பார்த்தது.

சாவி கரண்ட்டைத்தான் நிறுத்தும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும், டேப்பை மூடாதவரை டேங்க் காலியாகும் வரைக்கும் ஊற்றும். எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூல் இன்ஜெக்ஷன்) வண்டியில் அப்படி இல்லை, சாவி ஆஃப் என்றால் டேங்குக்குள் இருக்கும் பம்ப் நின்றுவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த லைனில் சுமார் 3 பார் அழுத்தம், ஹோஸ் விட்டால் சொட்டாது, பீய்ச்சி அடிக்கும். அதனால் அதில் சாவிதான் உயிர்.

சும்மா படிப்பவன்:
எல்லாம் இந்த இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால் வருவது. 2016 வண்டி ரப்பர் தாங்குமா?

கரூர் மெக்கானிக்:
எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பது உண்மை, 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளை இ20-க்கு ஏற்ற பொருளில் செய்வதும் அதற்காகத்தான். ஆனால் பத்து வருட ஹோஸ் எந்தப் பெட்ரோலிலும் வெடிக்கும். வளைத்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். நல்ல ஹோஸ் ஒரு சாப்பாட்டு விலைதான், மாற்றாமல் விட்டுவிட்டு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

கிளெய்ம் பார்ப்பவன்:
இன்சூரன்ஸ் பற்றி. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் உங்கள் வண்டிக்குப் பைசா வராது. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசி என்றால் தீ, வெடிப்பு, தானாகத் தீப்பற்றுதல், மின்னல் எல்லாம் அதில் சேர்ந்தவை. செகண்ட் ஹேண்ட் என்கிறீர்கள், ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கிறதா, பாலிசியும் உங்கள் பெயருக்கு மாறியதா? ஆர்.சி. மாறி, பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே கிடந்தால் அதைக் காட்டியே கிளெய்மை நிராகரிப்பார்கள், மாற்ற 14 நாள்தான் கொடுத்திருக்கிறது சட்டம்.

இன்றே கம்பெனிக்குப் போன் செய்து கிளெய்ம் எண் வாங்குங்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் கொடுத்ததற்கான ரசீது) வாங்குங்கள். தீயணைப்பு வண்டி வந்திருந்தால் அவர்கள் ரிப்போர்ட்டும் வேண்டும், உங்கள் விஷயத்தில் வரவில்லை, பரவாயில்லை, தீ எரியும்போது டீக்கடையில் யாராவது வீடியோ எடுத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். சர்வேயர் (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள்) வந்து பார்க்கும் வரை வண்டியில் கை வைக்கக் கூடாது.

சும்மா படிப்பவன்:
சர்வேயர் வருவதற்குள் ஃபாக் லைட்டைக் கழற்றிவிடுங்கள் ப்ரோ. இல்லையென்றால் அதைக் காட்டியே அடித்துவிடுவார்.

கிளெய்ம் பார்ப்பவன்:
தயவுசெய்து இந்த யோசனையைக் கேட்காதீர்கள். எரிந்த வண்டியில் புதிதாகக் கழற்றிய போல்ட் பளிச்சென்று தெரியும், சர்வேயர் அதைத்தான் முதலில் பார்ப்பார். ஃபாக் லைட் இருப்பது ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்லலாம். ஆதாரத்தை மறைத்தது தெரிந்தால் மொத்தக் கிளெய்மும் போய்விடும். வாய் விட்டு "ஷார்ட் சர்க்யூட்" என்றும் நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள், அது மெக்கானிக்கின் ஊகம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: எங்கே, எப்போது, எந்தப் பக்கம் தீ, எப்படி அணைந்தது.

பேட்டரி வண்டி வைத்திருப்பவள்:
குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்றால் இதே மாதிரி சாக்கும் மணலும் போதுமா? 2022-இல் வேலூரில் சார்ஜ் போட்ட வண்டி எரிந்து அப்பாவும் மகளும் இறந்த செய்தியில் இருந்து பயமாகவே இருக்கிறது.

கரூர் மெக்கானிக்:
போதாது அம்மா. லித்தியம் பேட்டரிக்குள் ஒரு செல் சூடேறி அடுத்த செல்லைப் பற்ற வைக்கும், மூடினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். அணைந்த மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்து மறுபடி பிடிக்கும். அந்தப் புகை விஷம். உஸ்ஸென்று சத்தமோ வெள்ளைப் புகையோ வந்தால் இறங்கி, காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகி 101-ஐக் கூப்பிடுங்கள். நிறையத் தண்ணீர் விட்டுத்தான் குளிர்விப்பார்கள், அது அவர்கள் வேலை. இரவில் வாசல் வழியை மறித்து நிறுத்தி சார்ஜ் போடாதீர்கள், நீங்கள் வெளியே வர அந்த வழிதான்.

பெட்ரோல் வண்டிக்கும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைப் படிப்பார்கள். ஹார்ன் அடித்துக்கொண்டு பங்க் வரைக்கும் ஓட்டிப் போகிறவனையும் பார்த்திருக்கிறேன், அவன் போய் நிற்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஓரம் கட்டு, சாவி ஆஃப், பின்னால் இருப்பவர் முதலில் இறங்கட்டும். டேப்புக்குத் தீ எட்டாமல் இருந்தால் மட்டும் மூடு. சீட்டைத் தூக்காதே, டேங்க் மூடியைத் திறக்காதே. வண்டியைச் சாய்த்துப் போட்டால் மூடி வழியாகப் பெட்ரோல் ரோட்டில் ஓடும், தீயும் கூடவே ஓடும், அதனால் பள்ளமான பக்கம் நிற்காதே. வாளித் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் மேலே மிதந்து பரவும். மணல், ஈரச் சாக்கு, பங்கில் இருக்கும் ஏபிசி பவுடர் தீயணைப்பு சிலிண்டர், இவை சரி, அதுவும் தீ சின்னதாக இருக்கும்போதுதான். சீட் எரிய ஆரம்பித்துவிட்டால் விட்டுவிடு. டயர் வெடிக்கும், ஷாக் அப்சார்பர் தெறிக்கும்.

தாராபுரத்துக்காரன்:
அப்டேட். ஆர்.சி., பாலிசி இரண்டும் என் பெயரில்தான், பேக்கேஜ் பாலிசி. சர்வேயர் வந்தார். அவர் முன்னாலேயே டார்ச் அடித்துப் பார்த்தோம். ஃபாக் லைட் வயர் ஹெட்லைட் பக்கத்தில் எரியவே இல்லை, இன்சுலேஷன் அப்படியே இருக்கிறது, பேட்டரி பக்கத்திலும் மணி எதுவும் இல்லை. டேப் முனையில் ஒரு கிளிப் கறுத்துப்போய் இருக்கிறது. கார்புரேட்டர் பக்கத்தில் இல்லை. இன்ஜின் மேல், உருகிய பேனலுக்கு அடியில், சாம்பலில் எல்லாம் துழாவிப் பார்த்தோம், இல்லவே இல்லை. சர்வேயர் போட்டோ எடுத்துக்கொண்டார். சர்வீஸ் செய்த மெக்கானிக்கிடம் போட்டோவைக் காட்டினேன், "வழியில் விழுந்திருக்கும்" என்கிறார்.

கரூர் மெக்கானிக்:
கிளிப் இருந்தால் ஹோஸ் எரியும் வரை விழாது தம்பி. எரிந்த பிறகு விழுந்திருந்தால் வண்டி நின்ற இடத்தில், அந்த மணலில் கிடக்க வேண்டும். காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய் ஒரு தடவை துழாவிவிட்டு வா. அங்கேயும் இல்லை என்றால் மாட்டவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கிளெய்ம் பார்ப்பவன்:
ரிப்பேர் மதிப்பீடு பாலிசியில் இருக்கும் ஐ.டி.வி. (வண்டிக்குப் போட்டிருக்கும் காப்பீட்டு மதிப்பு) தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று கணக்கு வைப்பார்கள். அப்படி ஆனால் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும், விட்டுவிட்டால் பழைய இரும்புக் கடையில் இருந்து உங்கள் நம்பர் வேறு எங்கேயாவது ஓடும். சர்வீஸ் பில் இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வையுங்கள். மெக்கானிக் மேல் போக நினைத்தால் முதலில் 1915-இல் நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பில் இல்லாமல் வாய்ச்சொல்லை வைத்து ரொம்ப தூரம் போக முடியாது.

தாராபுரத்துக்காரன்:
மணலில் காந்தம் விட்டுப் பார்த்தாயிற்று, ஆணியும் கட்டுக்கம்பியும்தான் வந்தன. சர்வீஸுக்கு பில் இல்லை, ஜிபே செய்த விவரம் இருக்கிறது. மதிப்பீடு 75-க்குள்தான் வருகிறதாம், அதனால் வேறு இடத்தில் ரிப்பேர் செய்யப் போகிறேன். பழைய டேங்கையே போடலாமா?

கரூர் மெக்கானிக்:
உள்ளே டார்ச் அடித்துப் பார், துருப் பொருக்கு உதிர்ந்தால் போடாதே, அது போய், பெட்ரோல் வரத்தை அடைக்கும் கார்புரேட்டர் ஊசியில் உட்கார்ந்து ஓவர்ஃப்ளோ ஆகும், மறுபடி இதே கதை. உள்ளே சுத்தமாக இருந்தால் போடலாம், ஆனால் மூடி ரப்பர், டேப், டேப் வாஷர், ஹோஸ், பிளக் கேப் எல்லாம் புதுசு. வயரிங் முழு செட்டாகவே மாற்று, ஒட்டுப்போட விடாதே. ஃபாக் லைட் வேண்டும் என்றால் ரிலேயும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் வைத்து மாட்டச் சொல். எல்லாம் முடிந்ததும் வெட்டவெளியில் நிறுத்தி, டேப்பைத் திறந்து அரை மணி நேரம் விட்டு, ஹோஸின் இரண்டு முனையையும் ஓவர்ஃப்ளோ ட்யூப் நுனியையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பார். ஈரம் இல்லையென்றால் அப்புறம் கிக் அடி.