எடைமேடை மென்பொருளை ப்ளகின்களாக (மையநிரலோடு தனியாகச் சேர்க்கும் துண்டுகளாக) பிரித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

பர்கூர்:
கிரானைட் குவாரி, மாங்கூழ் ஆலை, பாலக்கோடு தக்காளி மண்டி, எங்கே போனாலும் ரசீது ஒன்றுதான்: வண்டி எண், மொத்த எடை, வெற்று எடை, நிகர எடை. மாறுவது இன்டிகேட்டர், அதாவது எடையைக் காட்டி, கணினிக்கு அனுப்பும் பெட்டி. ஒன்று 9600 பாட் (அனுப்பும் வேகம்), 8 பிட், பாரிட்டி (பிழை சரிபார்க்கும் பிட்) இல்லை. இன்னொன்று 2400 பாட், 7 பிட், ஈவன் பாரிட்டி. சிலது எடையைத் திருப்பிப் போட்டு அனுப்பும். 001250 கிலோ 052100 என்று வரும். இதையெல்லாம் ஒரே இஃப்-எல்ஸில் அடுக்கினால், ஓர் ஆலை இன்டிகேட்டரை மாற்றியதற்காக எல்லா வாடிக்கையாளருக்கும் புது வெர்ஷன் கொடுக்க வேண்டிவரும்.

ஜாவாவில் செய்கிறவர்கள் முதலில் ஏபிஐ-க்கு (மையநிரலும் ப்ளகினும் பேசிக்கொள்ளும் ஒப்பந்தம்) தனி ஜார் (ஜாவா கிளாஸ்களின் தொகுப்புக் கோப்பு) போடுங்க. அதில் ஒரே இன்டர்ஃபேஸ், மூன்று மெத்தட்: போர்ட் அமைப்பு என்ன, ஃபிரேம் (ஓர் எடைக்கான பைட்டுத் தொகுதி) எந்த பைட்டில் முடிகிறது, பைட்டுகளைக் கொடுத்தால் எடை என்ன. திரும்ப வருவது எடை, அலகு, 'எடை நின்றுவிட்டதா' என்ற மூன்று மட்டும். வண்டி மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போது ரசீது அச்சாகாமல் தடுப்பது அந்த மூன்றாவதுதான்.

சீரியல் போர்ட்டைத் திறக்கும் வேலையை ப்ளகினிடம் கொடுக்காதீங்க. சீரியல் லைப்ரரிக்குள் நேட்டிவ் டிஎல்எல் (ஜாவா அல்லாத விண்டோஸ் நிரல் கோப்பு) இருக்கும். ஒரே டிஎல்எல்லை இரண்டு கிளாஸ்லோடர் (ப்ளகினின் கிளாஸ்களை ஏற்றும் பகுதி) ஏற்ற, ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் விடாது; இரண்டாவது ப்ளகின் 'அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்' கொடுத்து நிற்கும். தவிர, 16 பைட் ஃபிரேம் ஒரே ரீடில் வரும் என்று உத்தரவாதம் இல்லை. 5, 11 என்று உடைந்தும் வரும். முடிவு பைட் (03 அல்லது 0டி) வரும்வரை சேர்த்துவைப்பதை மையநிரல் ஒரே இடத்தில் செய்யட்டும். இல்லாவிட்டால் அதே பிழையை ஒவ்வொரு ப்ளகினிலும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

ஓசூர்:
இவ்வளவுக்கு ஃபிரேம்வொர்க்கே வேண்டாம்ணா. ஜாவா 6-லிருந்தே இருக்கும் சர்வீஸ்லோடர் (இன்டர்ஃபேஸுக்கான கிளாஸ்களைத் தேடித் தரும் வசதி) போதும். ப்ளகின் ஜாருக்குள் மெட்டா-இன்ஃப்/சர்வீசஸ் ஃபோல்டரில் இன்டர்ஃபேஸின் முழுப்பெயரில் ஒரு கோப்பு, அதில் வரிக்கு ஒரு கிளாஸ் பெயர். கிளாஸுக்கு ஆர்குமென்ட் இல்லாத பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர் வேண்டும்.

கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கெட்ட ஜார் வந்தால் சர்வீஸ்லோடர் எறிவது 'சர்வீஸ் கான்ஃபிகரேஷன் எரர்'. அது எக்செப்ஷன் வகையில் சேராது, எரர் வகை. கேட்ச்சில் எக்செப்ஷன் என்று மட்டும் எழுதியிருந்தால் பிடிபடாமல் போய், ஒரு ப்ளகின் கெட்டதற்கு மொத்த அப்ளிகேஷனும் திறக்காது. ஹேஸ்நெக்ஸ்ட், நெக்ஸ்ட் இரண்டுமே எறியும்; ட்ரை இரண்டையும் சுற்றி இருக்கணும்.

எல்லா ஜாரையும் சேர்த்து ஒரே ஃபேட்ஜாராகக் கட்டினால் ஒரே பெயருள்ள சர்வீசஸ் கோப்புகள் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டு, ஒரு ப்ளகின்தான் மிஞ்சும். மேவன் பில்டு கருவியில் ஃபேட்ஜார் கட்டும் ஷேடில் சர்வீசஸ் ரிசோர்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் சேர்த்தால் சரியாகும்.

தருமபுரி:
ப்ளகினுக்கு வெர்ஷன், ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருப்பது, ஸ்டார்ட்-ஸ்டாப் எல்லாம் வேண்டுமென்றால் பிஎஃப்4ஜே என்ற ஜாவா ப்ளகின் ஃபிரேம்வொர்க்கை எடுத்துக்கலாம். ஓஎஸ்ஜிஐ என்ற பெரிய மாட்யூல் அமைப்பு அளவுக்குக் கனமில்லை. ஆனால் அதில் கிளாஸ் தேடும் வரிசை வழக்கத்துக்குத் தலைகீழ்: முதலில் ப்ளகினுக்குள், பிறகு அது சார்ந்த ப்ளகின்களில், கடைசியில்தான் அப்ளிகேஷனில். ஏபிஐ ஜாரைத் தவறிப்போய் ப்ளகினுக்குள் கட்டிவிட்டால், பெயர் ஒன்றானாலும் ஜேவிஎம் கணக்கில் இன்டர்ஃபேஸ் இரண்டு. எக்ஸ்டென்ஷன் (ப்ளகின் தரும் கிளாஸ்) பட்டியல் சத்தமில்லாமல் காலியாக வரும். ஏபிஐ ஜார் உள்ளே போகாமலிருக்க மேவனில் 'ப்ரொவைடட்', கிரேடிலில் 'கம்பைல்ஒன்லி' என்று போடுங்க.

பட்டியல் காலியாக வர இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ்டென்ஷன்களைப் பட்டியலிடும் எக்ஸ்டென்ஷன்ஸ்.ஐடிஎக்ஸ் கோப்பை, கம்பைல் ஆகும்போது ஓடும் அன்னொடேஷன் பிராசசர்தான் உருவாக்குகிறது. ஜேடிகே 23 முதல் ஜாவாசி (ஜாவா கம்பைலர்) அதைத் தானாக ஓட்டுவதில்லை. '-ப்ராக்:ஃபுல்' என்று கொடுக்கணும். ஜாரைப் பிரித்துக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

பர்கூர்:
ஓடும்போதே ப்ளகினை மாற்றும் வசதி எடைமேடைக்குத் தேவையில்லை என்பது என் கட்சி. விண்டோஸில் திறந்திருக்கும் ஜாரை அழிக்க முடியாது. கிளாஸ்லோடரை க்ளோஸ் செய்தும், ஏதோ ஒரு த்ரெட் பழைய கிளாஸைப் பிடித்துக்கொண்டிருக்கும். புது ஜாரை வெர்ஷன் எண்ணோடு வேறு பெயரில் வையுங்க, அடுத்த ரீஸ்டார்ட்டில் ஏறட்டும்.

ஓசூர்:
இன்டர்ஃபேஸில் பிறகு மெத்தட் சேர்ப்பதானால் டிஃபால்ட் மெத்தடாக (இன்டர்ஃபேஸிலேயே நிரல் எழுதிய மெத்தட்) போடுங்க. இல்லையென்றால் பழைய ப்ளகின் லோடு ஆகும்போது ஒன்றும் சொல்லாது. அந்த மெத்தடை அழைக்கும்போதுதான் 'அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் எரர்' வரும். அப்போது லாரி மேடைமேல் நிற்கும், பின்னால் வரிசையும் நிற்கும்.

ஒவ்வொரு இன்டிகேட்டரிலிருந்தும் வரும் பைட்டுகளைக் கோப்பாகப் பிடித்து, அந்தந்த ப்ளகினின் டெஸ்ட் ஃபோல்டரில் போட்டுவையுங்க. காலி மேடை, வண்டி ஏறும்போது, எடை நின்ற பிறகு, மைனஸ் எடை, ஓவர்லோடு ஆகிய ஐந்து நிலையும் அதில் இருக்கணும். மைனஸ் குறி வரும் இடம்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.