விருந்தினர் ‘ஃபுட் வாஸ் இன்டிஃபரன்ட்’ என்று எழுதினால் என்ன பொருள்?

கேள்வி: குன்னூர்_ஹோம்ஸ்டே

குன்னூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஹோம்ஸ்டேக்கு வந்திருக்கும் விமர்சனம் இது: ‘வியூ சூப்பர்ப், ரூம்ஸ் க்ளீன், த ஃபுட் வாஸ் இன்டிஃபரன்ட்.’ அகராதியைப் பார்த்தால் அக்கறையற்ற, அலட்சியமான என்று போட்டிருக்கிறது. சாப்பாடு எப்படி அலட்சியமாக இருக்கும்? சமைத்தவரைச் சொல்கிறாரா? இல்லை, வித்தியாசமான ருசி என்று பாராட்டுகிறாரா? இதற்கும் கேர்லெஸ், நான்ஷலன்ட் போன்ற சொற்களுக்கும் என்ன வேறுபாடு என்றும் சொல்லுங்கள். முன்னறையில் விருந்தினரை வரவேற்கும் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும்.

பதில்: உதகை_ஆங்கிலம்

பாராட்டு இல்லைங்க. சமையல்காரரைத் திட்டவும் இல்லை. சாப்பாடு சுமார் என்கிறார்.

இந்தச் சொல்லுக்கு இன்றைய ஆங்கிலத்தில் இரண்டு பொருள். ஒன்று, ஒரு விஷயத்தில் விருப்பும் இல்லாமல் வெறுப்பும் இல்லாமல், நடந்தாலும் சரி நடக்காவிட்டாலும் சரி என்று இருப்பது. இன்னொன்று, தரத்தில் சுமாராக இருப்பது. எது என்று கண்டுபிடிக்கப் பின்னால் ‘டு’ வருகிறதா என்று பாருங்கள். ‘ஹீ இஸ் இன்டிஃபரன்ட் டு குக்கிங்’ என்றால் அவருக்குச் சமையலில் நாட்டமே கிடையாது. ‘ஹீ இஸ் ஆன் இன்டிஃபரன்ட் குக்’ என்றால் சமைப்பார், ஆனால் கைப்பக்குவம் சுமார். ஒருவேளை உயிரைக் கொடுத்துச் சமைப்பவராகக்கூட இருக்கலாம். உணவு, உடல்நலம், ஆட்டம், வானிலை போன்றவற்றோடு ‘டு’ இல்லாமல் வந்தால் பெரும்பாலும் சுமார்தான். ஆளைப் பற்றி ‘டு’ இல்லாமல் ‘த ஸ்டாஃப் வேர் இன்டிஃபரன்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கண்டுகொள்ளவில்லை என்று பொருள். ‘இன்டிஃபரன்ட் வித்’ என்று எழுதக் கூடாது, அது தவறு.

சுமார் என்றாலும் தராசு முள் கொஞ்சம் கீழ்ப்பக்கமே சாயும். ‘நாட் பேட்’ என்பதில் இருக்கும் ஆதரவு இதில் இல்லை. ஆக, உங்கள் சாப்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை, மரியாதையாகச் சொல்லியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஃபரன்ட் என்பதற்கு எதிர்ச்சொல் என்று நினைத்தாலும் தப்பாகிவிடும். லத்தீன் மூலத்தில் ‘வேறுபடாத, வேறுபாடு காட்டாத’ என்று பொருள். இதுவும் ஒன்று அதுவும் ஒன்று என்ற நிலை. அதனால் பழைய ஆங்கிலத்தில் பாரபட்சமற்ற என்ற நல்ல பொருளும் இருந்தது. 1662ஆம் ஆண்டு ஆங்கிலிகன் ஜெபநூலில் அதிகாரிகள் ‘ட்ரூலி அண்ட் இன்டிஃபரன்ட்லி’ நீதி வழங்க வேண்டும் என்று வேண்டுகிறார்கள். உண்மையாகவும் நடுநிலையாகவும் என்று அர்த்தம். நம் ‘உதாசீனம்’ வந்த வழியும் இதேதான்: சமஸ்கிருதத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பவன், நடுநிலையாளன், தமிழில் இன்று மதிக்காமல் தள்ளுவது.

உச்சரிக்கும்போது அழுத்தம் ‘டிஃப்’ மேல் விழ வேண்டும்.

பதில்: கோத்தகிரி_பச்சைத்தேயிலை

மற்ற இரண்டு சொற்களுக்கு நம்ம தேயிலைத் தோட்டத்து உதாரணமே போதும். இரண்டு இலை ஒரு மொட்டு என்று பறிக்கச் சொல்கிறோம். ஒருவர் பேச்சு சுவாரசியத்தில் முற்றின இலையையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டால் அது கேர்லெஸ். கவனம் பிசகிய செயல், சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வார். எடை போடும் இடத்தில் நிற்பவர் சாக்கைத் திறந்து பார்க்கிறார், முற்றின இலை கண்ணுக்குத் தெரிகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எடையைக் குறித்துக்கொள்கிறார். அது இன்டிஃபரன்ட். பார்வையில் குறையில்லை, மனதில்தான் பிடிப்பில்லை.

நான்ஷலன்ட் வெளித்தோற்றம் மட்டும். ரோட்டில் காட்டுமாடு குறுக்கே நிற்கிறது, பின்னால் இருக்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. நம்ம டிரைவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இன்ஜின் ஓடுகிறது, கியர் ரிவர்ஸில், கண் கண்ணாடியில். அவரை நான்ஷலன்ட் என்று சொல்லலாம். இன்டிஃபரன்ட் என்று சொன்னால் அநியாயம். இந்தச் சொல் பாராட்டாகவும் வரும், பொறுப்பில்லாத தோரணை என்று குறையாகவும் வரும், சொல்லும் இடத்தைப் பொறுத்தது. பிரெஞ்சிலிருந்து வந்ததால் ‘சா’ கிடையாது, ‘ஷ’தான். பிரிட்டிஷார் அழுத்தத்தை முதலில் வைப்பார்கள், அமெரிக்கர்கள் கடைசியில்.

பதில்: மனு_எழுதுபவர்

ஒன்று சேர்க்கிறேன். முன்னறைப் பிள்ளைகளுக்கு இன்டிஃபரன்ட்டை விட அவசரமாகச் சொல்லித்தர வேண்டியது ‘ஐ டோன்ட் கேர்’. ‘முதலில் சிம்ஸ் பார்க் போகலாமா, டால்ஃபின்ஸ் நோஸ் போகலாமா?’ என்று விருந்தினர் கேட்கும்போது, எதுவானாலும் சரி என்ற நல்லெண்ணத்தில் ‘ஐ டோன்ட் கேர்’ என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் காதில் ‘எனக்கென்ன வந்தது’ என்று விழும். ‘ஐ டோன்ட் மைண்ட்’ அல்லது ‘ஈதர் இஸ் ஃபைன்’ சொல்லப் பழக்குங்கள். ‘ஐ குடன்ட் கேர் லெஸ்’ இன்னும் காரம், வேலை இடத்தில் வேண்டவே வேண்டாம்.

குப்பை எடுக்கவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதுபவர்களுக்கும் இது உதவும். அலுவலர் இன்டிஃபரன்ட் என்று எழுதினால் அவர் மனநிலையைப் பற்றிய உங்கள் கருத்து மட்டும்தான். செய்ய வேண்டிய கடமையைச் செய்யவில்லை என்றால் நெக்லிஜன்ட். அந்தச் சொல்லைப் போட்டால் எந்தக் கடமை, எந்தத் தேதியிலிருந்து என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள். டிஸ்இன்டரஸ்டட் என்பதை ஆர்வமில்லாத என்ற பொருளில் எழுதாமல் இருப்பது நல்லது. சுயலாபம் பார்க்காத, நடுநிலையான என்ற பொருளுக்கே அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வமில்லாததற்கு அன்இன்டரஸ்டட்.

கேள்வி கேட்டவர்: குன்னூர்_ஹோம்ஸ்டே

எல்லாருக்கும் நன்றி. ‘சாரி தட் அவர் குக் வாஸ் இன்டிஃபரன்ட்’ என்று பதில் போடலாமா?

பதில்: உதகை_ஆங்கிலம்

வேண்டாங்க. விருந்தினர் சாப்பாட்டைத்தான் சொன்னார், நீங்கள் ஆளைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள். ‘சமையல்காரருக்கு அக்கறையில்லை’ என்று எல்லாரும் படிக்கும் இடத்தில் நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். இப்படிப் போடுங்கள்: ‘வீ ஆர் சாரி த ஃபுட் வாஸ் நாட் அப் டு த மார்க். குட் யூ டெல் அஸ் விச் டிஷஸ்?’ எந்தப் பதார்த்தம் என்று தெரிந்தால்தான் அடுப்படியில் எதை மாற்றுவது என்று தெரியும்.