ஓடிபி பார்த்துவிட்டுத் திரும்பினால் டிக்கெட் போயிருந்தது: உங்களுக்கு எத்தனை ஜிபி ரேம் போதுமாக இருக்கிறது?

போன தீபாவளிக்கு மதுரைக்குப் போக ஸ்லீப்பர் தட்கல். சரியாக 11 மணிக்கு உள்ளே நுழைந்து, பெயர், வயது எல்லாம் போட்டு, பணம் கட்டும் இடம் வரை வந்துவிட்டேன். ஓடிபி வந்தது. மெசேஜைத் திறந்து ஆறு எண்களையும் மனப்பாடம் செய்துகொண்டு திரும்பினால், டிக்கெட் ஆப் முதலிலிருந்து லாகின் கேட்கிறது. மறுபடி உள்ளே போவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். மறுநாள் இரவு கிளாம்பாக்கத்தில் மூன்று மணி நேரம் பேருந்துக்கு நின்றேன்.

முதலில் நெட்வொர்க்கைத்தான் திட்டினேன். காரணம் என் போனின் 3 ஜிபி ரேம், அதாவது திறந்திருக்கும் ஆப்களைப் போன் வைத்திருக்கும் தற்காலிக நினைவகம். ஆண்ட்ராய்டில் ரேம் நிரம்பினால், பின்னால் இருக்கும் ஆப்களின் தரவை முதலில் சுருக்கி வைத்துப் பார்க்கும். அதுவும் போதவில்லை என்றால் பின்னால் கிடப்பவற்றை ஒவ்வொன்றாக மூடிவிடும். சில ஆப்கள் விட்ட இடத்திலிருந்தே திறக்கும். பணம் புழங்கும் ஆப்கள் பாதுகாப்புக்காகப் பெரும்பாலும் லாகினிலிருந்து தொடங்கும். எனக்கு நடந்தது அதுதான்.

செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். பல போன்களில் அதற்குள் மெமரி என்று ஒரு பகுதி இருக்கும். என் போனில் எந்த ஆப்பையும் திறக்காதபோதே பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. வெர்ச்சுவல் ரேமை 2 ஜிபி கூட்டிப் பார்த்தேன். அது ஸ்டோரேஜிலிருந்து எடுத்துக்கொள்ளும் இடம், ரேமின் வேகம் அதற்கு வராது. ஆப் மூடுவது கொஞ்சம் குறைந்தது, ஆனால் மாறி மாறிப் போகும்போது போன் திணறியது. விளம்பரத்தில் '8+8' என்று போட்டிருந்தால் முதல் எட்டை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இப்போது 8 ஜிபி. வங்கி ஆப், வாட்ஸ்அப், மேப்ஸ், பிரவுசரில் பத்துப் பக்கங்கள், எல்லாம் விட்ட இடத்திலேயே நிற்கின்றன. புதிதாக வாங்குபவர்களுக்கு 6 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 8. பெரிய கேம், வீடியோ எடிட்டிங் இல்லாதவர்களுக்கு 12 தேவைப்படாது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பதில் 1

நான் உணவு டெலிவரி ஓட்டுகிறேன். ஆர்டர் ஆப், மேப்ஸ், வாடிக்கையாளர் அழைப்பு மூன்றும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். 4 ஜிபியில் பேசி முடிப்பதற்குள் மேப் மூடிவிடும், தெரு தாண்டிப் போயிருப்பேன். கடன் வாங்கி 6 ஜிபி போன் வாங்கினேன். மேப் சரியாகிவிட்டது, ஆனால் ஆர்டர் ஆப் அப்போதும் மூடிக்கொண்டே இருந்தது! கூட ஓட்டும் அண்ணன் ஒருவர்தான் பார்த்துச் சொன்னார், பேட்டரி சேமிப்பு அதை மூடுகிறது என்று. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன், அப்புறம் ஒரு ஆர்டரும் தவறவில்லை. புது போனுக்குப் பணம் போடும் முன் இதை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பதில் 2

தங்கையின் ஐபோன் 13இல் 4 ஜிபிதான், இன்றும் நன்றாக ஓடுகிறது. அந்தக் கணக்கை வைத்து 4 ஜிபி ஆண்ட்ராய்டு வாங்கிவிடாதீர்கள், நான் அப்படித்தான் வாங்கினேன். இன்னொன்று, அப்பா மணிக்கு ஒரு தடவை திறந்திருக்கும் எல்லா ஆப்பையும் துடைத்து மூடிவிடுவார். திறக்கும்போது ஒவ்வொன்றும் புதிதாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது, அதற்கே நேரமும் பேட்டரியும் போகிறது. துடைக்க வேண்டாம் என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. இப்போது போன் வேகமாகிவிட்டது என்கிறார்.