வேன்தான் வீடு: குமரி மாவட்டத்தில் ஒரு மாதம்?

திருச்சிப் பயணி: வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் மனைவியும் வேனிலேயே வாழ்கிறோம். ஐந்து மாதம் ஆகிறது. அடுத்து குமரி. அங்கே பொழுது எப்படிப் போகும் அக்கா?

சக்கரவீட்டு அக்கா: தம்பி, எங்களுக்கு இது மூன்றாவது வருடம். தோவாளையில் விடியும் முன்பே எழுந்துவிடுங்கள். பூச்சந்தையில் ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கி வேனுக்குள் தொங்கவிட்டால் மதியம்வரை வாசம் நிற்கும். எனக்கு அதுதான் பூஜையறை. அப்புறம் மட்டிப்பழம், இந்த ஊர்க் குட்டி வாழைப்பழம். விரல் நீளம்தான், தோல் காகிதம் மாதிரி. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழை நாளில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்து, சாளை மீன் குழம்போடு சாப்பிட்டுப் பாருங்கள். ஒற்றை அடுப்பே போதும்.

ஆடி மாதத்தில் மட்டும் ஆரல்வாய்மொழி பக்கம் இரவு தங்காதீர்கள். கணவாய்க் காற்று வேனையே ஆட்டியது, அடுப்பு பற்றவே இல்லை. அன்று பழம்தான் சாப்பாடு.

திருச்சிப் பயணி: குளிக்க, துவைக்க?

குலசேகரத்துக்காரன்: எங்கள் ஊர்ப் பக்கம் வாங்க அண்ணே. திற்பரப்பு அருவி இருக்கிறது. துணியை மட்டும் அங்கே துவைக்க வேண்டாம். கால்வாய்த் தண்ணீரைச் சுமந்து போகும் மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் நடந்து பாருங்கள், 115 அடி உயரம்.

சக்கரவீட்டு அக்கா: சித்ரா பௌர்ணமிக்கு இருந்தால் கன்னியாகுமரி கடற்கரைக்கு மாலையிலேயே போய்விடுங்கள் தம்பி. மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா ஏறும். பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி இருக்கட்டும்.