ஜெய்சல்மேர் மணல்மேட்டில் ஓர் இரவு: கூடார விடுதியா, திறந்தவெளியா?

கேள்வி: காவிரிக்கரை

வணக்கம். டிசம்பர் கடைசி வாரத்தில் கணவர், 10 வயது மகள், 68 வயது மாமியார் ஆகியோருடன் ஜெய்சல்மேர் செல்கிறேன். ஓர் இரவைப் பாலைவனத்தில் கழிக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. சம் என்ற ஊரின் மணல்மேடுகளை ஒட்டியுள்ள கூடார விடுதிகளில் கட்டிலும் குளியலறையும் உண்டு. குரி கிராமத்து ஒட்டகக்காரர் ஒருவரோ, மணல்மேட்டிலேயே சமைத்துக் கொடுத்துத் திறந்தவெளியில் படுக்க ஏற்பாடு செய்வதாகத் தொலைபேசியில் கூறுகிறார். முதியவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அவரை நம்பிச் செல்லலாமா? குளிர், பாம்பு, கழிப்பறை ஆகிய மூன்றும்தான் என் கவலை.

மறுமொழி: மணல்வழி

தாராளமாகச் செல்லலாம் சகோதரி. சம் பகுதியில் விடுமுறைக் காலத்தில் இரவு வெகுநேரம் ஒலிபெருக்கி ஓயாது. பாலைவனத்தின் அமைதியைத் தேடி அவ்வளவு தூரம் போகிறவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். குரி, ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது; அங்கே கூட்டம் குறைவு.

எல்லாமே வழிகாட்டியைப் பொறுத்தது என்பதால், இடைத்தரகர் மூலம் பேசாமல், உடன் வரப்போகிறவரிடமே பேசுங்கள். எந்த மேட்டில் தங்குவது, ஆளுக்கு எத்தனை லிட்டர் குடிநீர், எத்தனை ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை), காலையில் திரும்புவது எப்போது என்று அவர் தயங்காமல் சொன்னால், வேலை தெரிந்தவர் என்று கொள்ளலாம். நல்ல வழிகாட்டி, மேட்டின் உச்சியில் படுக்கை போடமாட்டார். காற்று வரும் திசையைப் பார்த்து, மேட்டின் மறைவில்தான் இடம் தேர்வார். கம்பு மாவைப் பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டி, கனலில் ரொட்டி சுடுவார். வன்னி மரத்துக் காய்களைப் போட்டுச் சமைக்கும் கேர் சாங்ரி என்ற கறியும் உடன் இருக்கும். சாப்பிட்ட தட்டுகளை உலர்ந்த மணலால் தேய்த்தே பளிச்சென்று ஆக்கிவிடுவார், ஒரு சொட்டுத் தண்ணீரும் செலவாகாது. இரவில் ஒட்டகங்களின் முன்னங்கால்களைத் தளையிட்டு மேயவிட்டு, விடிந்ததும் காலடித் தடத்தைப் பார்த்தே அவற்றைத் தேடிப் பிடித்துவருவார். உங்கள் மகளையும் அவருடன் அனுப்புங்கள். அந்த நடைக்கு ஈடான பாடம் வேறில்லை.

மறுமொழி: குறிஞ்சி மருத்துவர்

குளிரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம், அம்மா. காற்றில் ஈரம் குறைவாகவும் வானில் மேகம் இல்லாமலும் இருப்பதால், பகலில் சூடேறிய மணல் இரவில் விரைந்து வெப்பத்தை இழக்கிறது. பகலில் 24 பாகை வரை இருந்தாலும், விடியற்காலையில் 7 அல்லது 8 பாகைக்கு இறங்கிவிடும்; சில நாட்களில் அதற்கும் கீழே போகும். மாமியாருக்குக் கம்பளித் தொப்பி, காலுறை, உள்ளே அணியும் வெப்ப உடை ஆகியவை கட்டாயம். அதிகாலைப் பனியில் ரஜாயின் மேற்புறம் நனையக்கூடும் என்பதால் மேலே விரிக்க ஒரு தார்ப்பாய் கேளுங்கள்.

அவரை ஒட்டகத்தில் ஏற்றாமல் ஜீப்பில் அழைத்து வரச் சொல்வது நல்லது. ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் ஊன்றுவதால் உட்கார்ந்திருப்பவர் முன்பக்கமாகச் சரிவார். இடுப்பு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த உலுக்கல் ஆகாது.

மறுமொழி: கானமயில் நேசன்

பாம்பைப் பற்றி: சுருட்டை விரியன் என்ற நச்சுப்பாம்பு தார் பாலைவனத்தில் உண்டு. ஆனால் குளிர்காலத்தில் பாம்புகள் பெரும்பாலும் வளைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், காலணியை உதறிவிட்டு அணியுங்கள், புதரடியில் கைவிட்டு விறகு பொறுக்காதீர்கள்.

கழிப்பறை என்று எதுவும் இருக்காது, புதர் மறைவுதான். ஒரு சிறு மடக்குக் கூடாரம் கொண்டுவர முடியுமா என்று வழிகாட்டியிடம் முன்பே கேளுங்கள். குழியை ஆழமாகத் தோண்டி மூடிவிட வேண்டும். காகிதத்தையும் நாப்கினையும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். 3,162 சதுர கி.மீ. பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்கா அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் என்ற பறவைக்கு எஞ்சிய முக்கியமான புகலிடம் அது. குப்பையும் கூச்சலும் இல்லாமல் தங்கிவருவது நம் கடமை.

முடிந்தால் அமாவாசையை ஒட்டிய நாளைத் தேர்ந்தெடுங்கள். பால்வழியின் அடர்ந்த மையப்பகுதி டிசம்பர் இரவில் தெரியாது என்றாலும், கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றையும் மகளுக்கு வரிசையாகக் காட்டலாம்.

காவிரிக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. குரிக்கே செல்வதென்று முடிவு செய்துவிட்டோம், மாமியாரும் ஜீப்புக்கு ஒப்புக்கொண்டார். நள்ளிரவில் யாருக்காவது உடல்நலம் கெட்டால் என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

மறுமொழி: மணல்வழி

அந்த ஜீப்பையும் ஓட்டுநரையும் இரவு முழுவதும் உங்கள் அருகிலேயே இருக்கச் சொல்லுங்கள், சகோதரி. மணல்மேடுகளில் எல்லா இடத்திலும் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது. கூப்பிட்டு வண்டி வரவழைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது. இதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.